பிரிக்காத பொட்டலம்

சம்சுதீனின் வீட்டு வாசலில் வந்து நின்றபோது பூமாரி அழவில்லை. அழ வேண்டியதையெல்லாம் அல்லிநகரத்தில் தாய் வீட்டிலேயே அழுது முடித்துவிட்டு வந்திருந்தாள். முந்தைய நாள்தான் அவள் அண்ணன் அம்மாவாசிக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்திருந்தது.

சம்சுதீன் தோட்டக்கலைத் துறையில் முப்பது வருஷம் திராட்சைக்கு வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்றவர். கம்பத்துப் பக்கம் கொடி வாடினால் அவரைக் கூப்பிடுவார்கள். திருட்டுப் போன நகை இரண்டைக் கண்டுபிடித்துக் கொடுத்த பிறகு மற்ற காரியங்களுக்கும் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். கூடவே ஜீப் டிரைவர் ஏசுதாசன். கதை கேட்கத் தொடங்கிய இரண்டாவது நிமிஷத்திலேயே குற்றவாளியின் பெயரைச் சொல்லிவிடுவது அவன் வழக்கம்.

"எங்க அண்ணனைக் கொன்னது யாருன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க சார்" என்றாள் பூமாரி. "எங்க ஊருக்கு வந்து, பன்னெண்டரைக்கு டீக்கடையில பேசிக்கிட்டிருந்தவன், ஒண்ணேகாலுக்கு சுருளிப்பட்டி வாய்க்கால் கரையில மண்டை ஒடைஞ்சு கெடந்தான்."

"யார் மேல சந்தேகம்?"

"போலீஸ்ல மொதல்ல என் கொழுந்தன் சூரியபிரகாஷைத்தான் புடிச்சாக. போன வருஷம் அவன் குடிச்சுட்டு டிராக்டரை ஏத்தி மூக்கம்மாக் கெழவியைக் கொன்னுட்டான். அவன் அம்மா, எங்க அத்தை சங்கிலியம்மா, வேலைக்காரன் ஓட்டுனதா மாத்திச் சொல்ல வச்சாக. என்னைப் பாக்க வந்திருந்த எங்க அண்ணன் அதைக் கண்ணால பாத்தவன். கோர்ட்டுல உள்ளதைச் சொல்லப் போறேன்னான். மறுநாளே செத்துட்டான்."

"அப்ப அவனேதான் சார்!" ஏசுதாசன் துள்ளி எழுந்தான்.

"இல்லண்ணே. பன்னெண்டே முக்காலுக்கு அவன் ஊருக்கு மறுகோடியில எங்க திராட்சைத் தோட்டத்துல கொடியைக் கவாத்து வெட்டிக்கிட்டிருந்தான். நானே பாத்தேன். நான் ஸ்டேஷன்ல சொன்ன பெறகுதான் அவனை விட்டாக."

ஏசுதாசன் உட்கார்ந்துவிட்டான். சம்சுதீன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"பாத்ததை மட்டும் சொல்லு தாயி. நெனச்சதை விட்டுரு."

பூமாரி யோசித்து யோசித்துச் சொன்னாள். அத்தை சோற்றுக் கேரியரைக் கொடுத்து, 'மருந்து அடிச்சிருக்கு, பந்தலுக்குள்ள போகாதே, மோட்டார் ரூம்லயே வச்சுட்டு வந்துரு' என்று அனுப்பினாள். தூரத்தில், பந்தலுக்கு அடியில், சூரியாவின் சிவப்புக் கட்டம் போட்ட சட்டை. முகத்தையும் சேர்த்துத் துண்டால் கட்டியிருந்தான். சோறு வைத்திருக்கிறேன் என்று சத்தம் போட்டதற்குத் திரும்பாமல் கையை மட்டும் தூக்கினான்.

"வெட்டுன குச்சி பூராம் தரையில கெடக்கு. வெறுங்கால்ல நிக்கிறானேன்னு பாவமா இருந்துச்சு சார். சும்மாவே பாவம் பாத்துத்தான் சுக்கா வாங்கிட்டுப் போயிருந்தேன்."

"சுக்காவா?"

"எங்க வீட்டுக்காரர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்காக. கார்த்திகை ஒண்ணுலருந்து வீட்டுல கவிச்சி கெடையாது. சூரியாவுக்குக் கறி இல்லாம சோறு எறங்காது. அதான் வீட்டுக்குத் தெரியாம புரோட்டாக் கடையில ஒரு பொட்டலம் வாங்கி கேரியர் பக்கத்துல வச்சேன். சாயந்தரம் போலீசுக்கு எடத்தைக் காட்டப் போனா கேரியர் காலி. பொட்டலத்தை நூல்கூடப் பிரிக்கல, எறும்பு மொய்க்குது."

சம்சுதீன் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "உன் வீட்டுக்காரர் பேச்சிமுத்து அன்னைக்கு எங்க இருந்தாரு?"

"குருசாமியோட கம்பத்துக்கு, இருமுடிக்குச் சாமான் வாங்கப் போயிருந்தாக. மாலை போட்டவுக சாவு வீட்டுக்கு வரக்கூடாதுல்ல, அதனால எங்க அண்ணன் மொகத்தைக்கூட வந்து பாக்கல. அன்னைலருந்து கோயில் மடத்துலயே தங்கிட்டாக. இன்னைக்குச் சாயங்காலம் இருமுடி கட்டு."

சம்சுதீன் ஏசுதாசனைத் தனியே அழைத்து ஏதோ சொன்னார். ஜீப் போய் ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தது. வழக்கமாக இறங்கும் முன்பே பேசத் தொடங்குகிறவன், அன்று வாசற்படியில் தயங்கி நின்றான்.

"குருசாமியைப் பாத்தேன் சார். அன்னைக்கு அவரு மட்டுந்தான் கம்பம் போனாராம். பேச்சிமுத்து வரலையாம்."

பூமாரிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. குருசாமிக்கு வயசாகிவிட்டது, நாளை மறந்திருப்பார் என்றுதான் நினைத்தாள்.

"தாயி" என்றார் சம்சுதீன். "ஆளு நின்னு கவாத்து வெட்டுற பந்தல்ல எவனும் மருந்து அடிக்க மாட்டான். வெட்டி முடிச்சு, குச்சியை அள்ளுன பெறகுதான் அடிப்பாக. டவுன்ல பொறந்த உனக்கு அது தெரியாதுன்னு உன் மாமியாருக்குத் தெரியும். நீ கிட்டப் போகக் கூடாது. ஆனா பாக்கணும்."

"எதுக்கு சார்?"

"செத்தவனோட கூடப் பொறந்தவளே சாட்சி சொன்னா, எந்தப் போலீஸ் நம்பாது?"

"அப்ப அந்தச் சட்டையில இருந்தது யாரு?"

"சோத்தைத் தின்னுட்டுக் கறியைத் தொடாதவன். வெறுங்கால்ல நடக்கிறவன்."

"ஊர்ல நூறு பேரு மாலை போட்டிருக்கான் சார்" என்றான் ஏசுதாசன். அவள் முகத்தைப் பார்த்து, எப்படியாவது அது வேறு யாராகவாவது இருக்கட்டும் என்று அவனுக்கே ஆசை வந்துவிட்டது.

"அந்த நூறு பேர்ல சூரியா சட்டையை எடுத்துப் போட்டுக்கிற மாதிரி அவன் வீட்டுலயே இருக்கிறவன் ஒருத்தன்தான். அவனும் அன்னைக்கு இருந்த எடத்தைப் பத்திப் பொய் சொல்லியிருக்கான்."

பத்து வருஷம் புருஷனுக்குச் சோறு போட்ட கை பூமாரியுடையது. சாவு வீட்டுக்கு அவன் வராததற்காகச் சொந்தக்காரர்களிடம் எவ்வளவு பரிந்து பேசியிருக்கிறாள்! தன்னை இதைவிடக் கேவலமாக யாரும் ஏமாற்றியிருக்க முடியாது என்று தோன்றியது.

"என்னைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

கோயிலில் சரண கோஷம் கேட்டது. கறுப்பு வேட்டியும் தாடியுமாகப் பேச்சிமுத்து உட்கார்ந்திருந்தான். குருசாமி இருமுடிப் பையை விரித்துப் பிடித்திருக்க, சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக மூன்று கை அரிசி போட்டார்கள். ஓரமாகச் சூரியபிரகாஷ் புதுச் சட்டையில் சாய்ந்து நின்றான்.

"வா ஆத்தா, நீ போடு" என்று சங்கிலியம்மாள் இடம் விட்டாள்.

பூமாரி ஒரு கை அரிசியை அள்ளினாள். போடாமல் கொழுந்தனைத் திரும்பிப் பார்த்தாள்.

"சூரியா, அன்னைக்குத் தோட்டத்துக்கு சுக்கா வாங்கிட்டு வந்தேனே, நல்லாருந்துச்சா? கேக்கணும்னே இருந்தேன்."

அவனுக்கு அது புதுச் செய்தி. கண் ஒரு முறை அம்மாவிடம் ஓடி வந்தது. "நல்லாருந்துச்சு மதினி. பூராத்தையும் தின்னுட்டேன்."

"நீ பிரிக்கவே இல்லையேப்பா. சாயந்தரம் நாந்தான் எறும்போட அள்ளிக் கொட்டுனேன்."

சரணம் சொன்னவர்கள் நிறுத்திவிட்டார்கள். "இந்த நேரத்துல என்ன பேச்சு?" என்று சங்கிலியம்மாள் அவள் தோளைப் பிடித்தாள். பூமாரி அந்தக் கையை எடுத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்க. அந்தப் பொட்டலத்தை ஏன் தொடல?"

பேச்சிமுத்துவின் கை கழுத்து மாலைக்குப் போயிற்று. பொய் சொல்ல வாயைத் திறந்தவனுக்கு, மாலையைப் பிடித்துக்கொண்டு அது வரவில்லை.

"அவன் என் தம்பி, பூமாரி" என்றான்.

"நான் சோறு வச்சப்ப எங்க அண்ணன் உசுரோட இருந்தான். கையைத் தூக்குனீகளே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஓடியிருப்பேன்ல?"

அவன் தலை குனிந்து அழத் தொடங்கினான். குருசாமி இருமுடிப் பையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். "இந்த முடியை நான் கட்ட மாட்டேன்" என்றார்.

பூமாரி கையிலிருந்த அரிசியைத் தாம்பாளத்தில் திரும்பக் கொட்டினாள். மாமியார் பின்னாலேயே ஓடி வந்து, "உன் பிள்ளைகளை நெனச்சுப் பாரு ஆத்தா" என்று கும்பிட்டாள். பூமாரி நிற்கவில்லை. வெளியே ஜீப்பில் சம்சுதீன் உட்கார்ந்திருந்தார். அவள் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"ஸ்டேஷனுக்குப் போங்கண்ணே" என்றாள். "மறுபடி எழுதிக்கச் சொல்லணும். இந்தத் தடவை பாத்ததை மட்டும் சொல்றேன்."