ஒத்த ரத்தக்குழாயும் ஒரு வாக்குமூலமும்

எல்லாரும் சௌக்கியமா கண்ணுங்களா? தலைவலி கிலைவலி இல்லியே? சரி, கேளுங்க.

எழுபத்தொம்பதாம் வருஷம். ஆம்பூர்ல தோல் பதனிடற ஒரு ஷாப்பு. சுண்ணாம்புத் தொட்டி ஓரமா முதலாளி அப்துல் ஹமீது குப்புறக் கெடக்கறாரு. நெத்தியில ரத்தம்...

பக்கத்துல தம்பி நயீம். கொஞ்ச முன்னாடிதான் ரெண்டு பேருக்கும் தெருவே கேக்கற சண்டை.

போதாதா? நயீமைக் கொண்டுபோய் லாக்கப்புல போட்டாரு இன்ஸ்பெக்டர் கிருபானந்தம்.

ஹமீதை வேலூர் ஆஸ்பத்திரில சேத்து, கழுத்துல மருந்து ஏத்தி மண்டையப் படம் புடிச்சாங்க.

"யாரும் அடிக்கல சார்," னாரு டாக்டர் ஜெயகரன். "மூளையில ரத்தக்குழாய் பலூனாட்டம் உப்பி வெடிச்சிருக்கு. விழுந்ததுல நெத்தி கிழிஞ்சிருக்கு."

"அடிச்சதால வெடிச்சிருந்தா?" ன்னாரு இன்ஸ்பெக்டர்.

"பொறவி அமைப்பு சார். முன்மூளைக்கு இடதுல ஒண்ணு, வலதுல ஒண்ணுன்னு ரெண்டு குழாய் போவும். இவருக்கு இடது நூலாட்டம் இருக்கு. வலது ஒண்ணேதான் ரெண்டு பக்கத்துக்கும் ரத்தம் குடுக்குது. பாரம் தாங்காம உப்பி, தானா வெடிச்சிருச்சு. ஆபரேஷன்ல ரத்தம் பீறிட்டா, மத்தவங்களுக்கு ஒரு பக்கத்தைக் கொஞ்சம் அடைச்சுக்கலாம். இவருக்கு அடைச்சா ரெண்டும் போச்சு."

"அவரே வாயால சொல்லட்டும். தம்பிய விட்டுர்றேன்."

ஹமீது சம்சாரம் முனவ்வர் பேகம் கையேந்துனா. "இவரைப் பேச வைங்க டாக்டர். இல்லேன்னா அந்தப் புள்ளைக்கு ஜெயில்தான்."

வலது குழாயை அடைக்காம, உப்பலோட கழுத்துக்கு மட்டும் கிளிப்பு போட்டாரு ஜெயகரன்.

பொழைச்சாரு. கண்ணத் தொறந்தாரு...

"யாரு பாய் அடிச்சது?" இன்ஸ்பெக்டர் குனிஞ்சாரு.

"நயீம்... இரும்பு ராடால."

முனவ்வர் செவுத்துல சாஞ்சுட்டா.

டாக்டர் பக்கத்துல வந்தாரு. "காலைல இன்னா சாப்ட்டீங்க பாய்?"

"அப்பாகூட உக்காந்து ஆட்டுக்கால் பாயா."

"மாமனார் மவுத்தாகி பத்து வருஷமாச்சே," ன்னா முனவ்வர்.

"அதான் சார்," னாரு டாக்டர். "கிளிப்பு பக்கத்துல ஞாபகத்துக்குப் போற மயிரிழைக் குழாய்ங்க அடிபட்டுருச்சு. இல்லாத ஞாபகத்துக்கு மூளை கதை கட்டுது. பொய் இல்ல... நெஜம்னே நம்பறாரு."

"சரியாவுமா?" ன்னா முனவ்வர்.

டாக்டர் அவளுக்கு ஒரு நாற்காலிய இழுத்துப் போட்டாரு.

ராடும் எங்கயும் கெடைக்கல. நயீமை வுட்டாங்க. நேரா அண்ணன் கட்டிலுக்கு ஓடியாந்தான்.

ஹமீது அவன் கையப் புடிச்சாரு. "ஏன்டா அடிச்சே? போவட்டும். மன்னிப்பு கேளு, மறந்துர்றேன்."

'சொல்லாதே'ன்னு தலையாட்டுனா முனவ்வர்.

"அடிச்சது நான்தான் பாய்ஜான்... மாப் கரோ."

ஹமீது சிரிச்சாரு. தூங்கிட்டாரு.

"நாளைக்கும் இதயே கேப்பாருப்பா," னாரு டாக்டர்.

"நாளைக்கும் சொல்றேன்."

நயீம் பின்னாடியே வந்திருந்த இன்ஸ்பெக்டர் தொப்பிய எடுத்து மாட்டுனாரு. "போலீஸ் முன்னாடி ஒத்துக்கிட்டது கோர்ட்டுல செல்லாது தம்பி. தெனம் ஒத்துக்கோ."

நீங்க செய்யாத தப்புக்கு யாருகிட்ட மன்னிப்பு கேட்டீங்க? எனக்கு எழுதுங்க கண்ணுங்களா... கல்யாணம் ஆனவங்க மட்டும் சுருக்கமா எழுதுங்க.