ஆர்கிரோ எடுத்த அறை

ஈரத் துண்டைக் கொடியில் போட்டாள் ஆர்கிரோ. துண்டு முதலில் விழுந்தது. அதன் நிழல் கொஞ்சம் பொறுத்துத்தான் சுவரில் வந்து விழுந்தது. கண்ணிமைக்கிற நேரம்தான். ஆனால் அவள் வருஷக்கணக்காக ஏதென்ஸில் டிராலி பஸ் ஓட்டுகிறவள். எது எப்போது நகர்கிறது என்பதில் அவள் கண் சுலபத்தில் ஏமாறாது. துண்டை எடுத்து மறுபடி போட்டாள். இந்த முறை எல்லாம் சரியாகவே நடந்தது. கப்பல் மேல்தளத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகு ஒடிய உட்கார்ந்து வந்தவளுக்குக் கண் அப்படித்தான் இருக்கும் என்று தன்னைத் தானே அதட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

உச்சி வெயில். தீவு முழுக்கக் கதவடைத்துத் தூங்குகிற நேரம். அந்த நேரத்தில் யாரும் யாரையும் கூப்பிடமாட்டார்கள், யார் வீட்டுக் கதவையும் தட்டமாட்டார்கள். சில்வண்டுகள் மட்டும் இடைவிடாமல் கத்திக்கொண்டிருந்தன. அறைக்குள் மகள் மிர்ட்டோ மேல்போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டுத் தூங்கினாள். ஏழு வயது. தொட்டுப் பார்த்தபோது பாதம் ஜில்லென்று இருந்தது. கடலில் நெடுநேரம் கிடந்ததால் என்று அதற்கும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள்.

இந்த அறையை அவள்தான் எடுத்தாள். அதில் அவளுக்கு அவ்வளவு பெருமை. புருஷன் லாக்கிஸோடு வாழ்ந்த வருஷங்களில் ஒவ்வொரு ஆகஸ்டும் மாமியார் வீட்டுக் கூடத்து சோஃபாவில்தான் கழிந்தது. கடல் எந்தப் பக்கம் என்று கேட்டால்கூட மாமியார் முகம் சுளிப்பாள். விவாகரத்து கையெழுத்தானதும் ஆர்கிரோ செய்த முதல் காரியம், ஊர் பேர் தெரியாத ஒரு தீவுக்குச் சீட்டு வாங்கியது. எங்கே தங்குவது என்று யாரிடமும் கேட்கப்போவதில்லை என்று சபதமே எடுத்திருந்தாள்.

அன்று காலை கரையில் இறங்கியதும் அறை வாடகைக்கு விடுகிறவர்கள் பலகைகளோடு சூழ்ந்துகொண்டார்கள். முன்னால் நின்றவள் பெலாகியா. கறுப்பு உடை, தடித்த கை, ஊருக்கே கேட்கிற குரல்.

"எங்கிட்ட வா பொண்ணே. ஜன்னலைத் திறந்தா கடல்."

"உங்க ஜன்னலைத் திறந்தா கப்பல் புகைதான் வரும்மா. இங்கிருந்தே தெரியுதே."

பெலாகியா சிரித்துவிட்டாள். கூட்டத்துக்கு அப்பால் ஒரு மனிதர் தனியாக நின்றிருந்தார். கையில் பலகைத் துண்டு, காலணியெல்லாம் சுண்ணாம்பு. ஸ்டெர்யோஸ் என்று பேர் சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கடற்கரையோட கடைசி வீடு. எந்த அறை வேணுமோ நீங்களே பாத்து எடுத்துக்கலாம். எல்லாமே காலிதான்."

மாதா பண்டிகை வாரம். மொட்டைமாடியைக்கூட வாடகைக்கு விடுகிற நாட்கள். அப்படியிருக்க எல்லா அறையும் எப்படிக் காலியாக இருக்கும் என்று அவள் யோசித்திருக்க வேண்டும். ஆனால் 'நீங்களே' என்ற ஒரு சொல்லில் அவள் மயங்கிவிட்டாள்.

பெலாகியா அவள் முழங்கையைப் பிடித்தாள். குரல் இறங்கியிருந்தது.

"அங்க வேண்டாம். எங்கிட்ட வராட்டியும் பரவால்ல, வேற எங்கயாவது போ. அவன் இன்னும் கட்டிக்கிட்டே இருக்கான். கட்டுற வீட்டுப் பக்கம் பிள்ளைய வெயில்ல நிறுத்தலாமா? உனக்குத் தெரியாதா?"

தெரியும். அந்த நாட்டில் யாருக்குத்தான் தெரியாது? அஸ்திவாரம் போடும்போது கொத்தனார் ஒரு சேவலை அறுப்பார். பொல்லாத கொத்தனாராக இருந்தால், பக்கத்தில் நிற்கிறவரின் நிழலை அவருக்குத் தெரியாமல் நூலால் அளந்து, அந்த நூலை மூலைக்கல்லுக்கு அடியில் வைத்துவிடுவார். வீடு அசையாமல் நிற்கும். நிழலுக்கு உரியவர் நிற்கமாட்டார். அதனால்தான் கட்டுகிற வீட்டைத் தாண்டும்போது பெரியவர்கள் பிள்ளைகளைத் தெருவின் மறுபக்கம் இழுத்துக்கொள்வார்கள்.

"எங்கப்பாவும் கொத்தனார்தான். அவர் கட்டுன வீட்டுக்கு அடியில சிகரெட் துண்டுதான் இருக்கு, வேற ஒண்ணும் இல்ல."

"பேசு பேசு. உனக்கு வாய் இருக்கு."

"காலும் இருக்கு" என்று சொல்லிவிட்டு ஆர்கிரோ பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

வீடு அழகாக இருந்தது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். சிறுசவுக்கு மரங்கள் முடிகிற இடத்தில், மணலைத் தொட்டுக்கொண்டு, கண்ணைக் கூசவைக்கும் வெள்ளையில் நின்றது. பக்கத்தில் இன்னொரு அறைக்காகப் பள்ளம் தோண்டியிருந்தது. மூலைக்கல் விளிம்பில் தயாராகக் கிடந்தது. புது வீட்டைப் பார்த்துவிட்டு வாழ்த்தாமல் போவது மரியாதை இல்லை. பள்ளத்தில் ஒரு காசு போட்டு 'வீடு நல்லா நிலைக்கட்டும்' என்று சொல்வார்கள். ஆர்கிரோ ஒரு காசை மிர்ட்டோவிடம் கொடுத்தாள். குழந்தை பள்ளத்தின் ஓரம் நின்று காசைப் போட்டு, கணீரென்று வாழ்த்தையும் சொன்னாள். காலை வெயிலில் அவள் நிழல் நீளமாக மண்ணில் கிடந்தது. ஸ்டெர்யோஸ் குனிந்து, சட்டைப்பையிலிருந்து நூலை எடுத்து, நிழலின் காலிலிருந்து தலைவரை பிடித்துப் பார்த்து ஒரு முடிச்சுப் போட்டார்.

"என்ன பண்றீங்க?"

"கட்டிலுக்கு அளவு. பிள்ளையத் தொட்டு அளந்தா கூச்சப்படும்ல."

ஆர்கிரோ சிரித்தாள். சிரிக்காமல் இருந்தால் பெலாகியா ஜெயித்துவிட்டதாக ஆகிவிடும். அந்த அற்ப வீம்புக்காக, தன் கண்ணெதிரே தன் பிள்ளையை அளந்தபோது அவள் சிரித்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த நாள் உச்சி வெயிலில், ஊர் தூங்குகிற நேரத்தில் சத்தம் கேட்டது. கல்லில் கொத்துக்கரண்டி உரசுகிற சத்தம். கொஞ்சம் உரசும், நிற்கும், மறுபடி உரசும். பின்னாலேயே ஈரச் சுண்ணாம்பின் வாடை, கதவிடுக்கு வழியாக, நனைந்த நாயின் வாடைபோலக் கனமாக உள்ளே வந்து கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டது. அவள் வெளியே வந்து பார்த்தாள். பள்ளத்தில் யாரும் இல்லை. ஸ்டெர்யோஸ் துறைமுகத்துக்குப் போயிருந்தார். ஆனால் மூலைக்கல் உட்கார்ந்துவிட்டிருந்தது. அதைச் சுற்றிப் பூசிய சாந்து இன்னும் காயவில்லை.

மிர்ட்டோ சாப்பிடுவதை விட்டுவிட்டாள். பொரித்த மீன், தர்ப்பூசணி, ஐஸ்கிரீம், எதுவும் இறங்கவில்லை. எப்போது பார்த்தாலும் தூக்கம். விழித்தால் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க என்னடி பாக்கற?"

"நெறைய பேர் இருக்காங்கம்மா. இடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க."

ரொட்டிக் கடையில் பெலாகியா அவளை மறித்தாள். "நாளைக்குக் கப்பல் இருக்கு."

"எனக்கும் தெரியும். நான் ஏன் ஓடணும்? நான் பாத்து எடுத்த அறை."

சொல்லிவிட்டாளே தவிர, வாங்கிய ரொட்டியைக் கடையிலேயே மறந்துவிட்டு வந்தாள். பயந்தால் என்ன, பயத்தோடு நின்றுகொண்டேதானே இத்தனை வருஷம் ஓட்டினோம் என்று பல்லைக் கடித்தாள். பண்டிகை முடிந்த மறுநாள் காலையில் கிளம்பிவிடலாம். யாரும் விரட்டியதாக இருக்காது.

பண்டிகை நாள் காலையில் ஊரே மேட்டுக் கோயிலுக்குப் போய்விட்டது. கடற்கரையில் ஒரு ஆள் இல்லை. மிர்ட்டோ அதிசயமாக எழுந்து, தண்ணீரில் கால் நனைக்க வேண்டும் என்றாள். ஆர்கிரோ வாசற்படியில் நின்று, அவள் மணலில் இறங்கிப் போவதைப் பார்த்தாள். வெயில் தெளிவாக இருந்தது. ஒவ்வொரு கூழாங்கல்லுக்கும் பக்கத்தில் அதன் நிழல். மணலில் கிடந்த செருப்புக்கு நிழல். காய்ந்த பாசிக்கு நிழல்.

மிர்ட்டோவுக்கு இல்லை.

குழந்தை நடந்தாள். பாதத்தைச் சுற்றிலும் வெறும் வெளிச்சம்.

ஆர்கிரோ திரும்பினாள். வீட்டின் வெள்ளைச் சுவரில் நிழல்கள் நின்றன. எதிரே யாருமே இல்லை. தொப்பி போட்ட ஒருவன். வயிறு தள்ளிய ஒரு பெண். தோளோடு தோள், நெருக்கியடித்துக்கொண்டு. கடைசியில், மூலைக்கல்லுக்கு மேலே, சின்னதாக, பின்னலோடு ஒன்று.

அலறவில்லை அவள். கடப்பாரையைத் தேடி எடுத்தாள். பள்ளத்தில் குதித்தாள். "என் பிள்ளையக் குடு" என்று கல்லைப் பார்த்துச் சொன்னாள். குத்தினாள். சாந்து உதிர்ந்தது. கல்லை நெம்பினாள். நகம் பிய்ந்தது. கல் நகர்ந்தது. அடியில் நூல் இருந்தது. ஆனால் அது நூலாக இல்லை. மண்ணுக்குள் வேர்விட்டிருந்தது. தொட்டால் சூடாக இருந்தது. துடித்தது.

பிடித்து இழுத்தாள்.

மணலில் மிர்ட்டோ வீறிட்டு விழுந்தாள். ஆர்கிரோ நூலை விட்டாள். குழந்தை மூச்சு வாங்கினாள். மறுபடி, மெதுவாக, துளி இழுத்தாள். மறுபடி அலறல்.

"அறுத்தா செத்துடும்" என்றது ஒரு குரல். ஸ்டெர்யோஸ் மேலே நின்றிருந்தார். கண்ணில் தண்ணீர். "எனக்கும் வேற வழி இல்லம்மா. சேவல் போட்டேன், நிக்கல. ஆடு போட்டேன், நிக்கல. இந்த வீட்டுக்கு ஆளுங்கதான் வேணும்."

"அதுக்கு என் பிள்ளைதான் கிடைச்சாளா?"

 அவரைக் கொன்றுவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். கடப்பாரை கையில்தான் இருந்தது. கொன்றால் நூலை எடுக்கத் தெரிந்தவன் யார்?

பள்ளத்திலிருந்து ஏறினாள். வெயிலில், கல்லுக்கு நேரே, கால்களை அகட்டி நின்றாள். பஸ்ஸுக்குக் குறுக்கே வந்தவனிடம் சண்டைக்கு இறங்கும்போது நிற்பாளே, அப்படி.

"என்னை அள."

"அம்மா..."

"காதுல விழலயா? அவளோடது சின்ன நூல். என்னோடது பெருசு. அவள எடுத்துட்டு என்னை வை."

"மனசோட வந்து நின்னவங்க யாருமே இல்ல. என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது."

"எனக்கும்தான் தெரியாது. அள."

அவர் சட்டைப்பைக்குள் கைவிட்டார். புது நூல். அவள் நிழலின் காலில் வைத்தார். இழுத்துக்கொண்டே போனார். கணுக்காலில் குளிர்ந்தது. முழங்காலில். இடுப்பில். ஆர்கிரோ மகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கழுத்தில். முடிச்சு.

கல்லுக்கு அடியில் சூடான நூல் தானாக நழுவி வெளியே வந்தது. வெறும் நூல்.

சுண்ணாம்பு வாடை. கண்ணில், மூக்கில், வாயில். பக்கத்தில் யாரோ நகர்ந்து இடம் விட்டார்கள். இரண்டு பக்கமும் குளிர்ந்த தோள்கள். அவளுக்கு முன்னால் கடற்கரை முழுசாகத் தெரிந்தது. மணலில் மிர்ட்டோ எழுந்து உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் நிழல் இருந்தது, கறுப்பாக, பின்னலோடு. ஜெயித்துவிட்டேன் என்று ஆர்கிரோ நினைத்தாள். இனி பெலாகியா வருவாள். பிள்ளையைப் பத்திரமாகக் கப்பலேற்றுவாள்.

அப்போதுதான் பள்ளத்தருகே நின்றிருந்த பெண் அசைந்தாள்.

ஆர்கிரோவின் உடுப்பு. ஆர்கிரோவின் பிய்ந்த நகம். அவள் கழுத்தை மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள், புதுச் சட்டை போட்டுப் பார்க்கிறவர்கள் தோளை அசைப்பதுபோல. ஸ்டெர்யோஸ் அவளைப் பார்த்து ஒரு அடி பின்வாங்கினார். சிலுவை போட்டுக்கொண்டார். அவள் அவரைத் திரும்பியும் பார்க்காமல் மணலில் இறங்கினாள்.

"வா கண்ணு. கிளம்பலாம்."

ஆர்கிரோவின் குரல்தான்.

மிர்ட்டோ அவளை ஏறிட்டுப் பார்த்தாள். கொஞ்சம் தயங்கினாள். பிறகு கையைக் கொடுத்தாள்.

ஆர்கிரோ சுவரைத் தள்ளினாள். உள்ளங்கை இல்லை, தோள் இல்லை, ஆனாலும் தள்ளினாள். பக்கத்தில் நின்றவர்களையும் தள்ளச் சொல்லிக் கத்தினாள். குரல் வரவில்லை. யாரும் அசையவில்லை. அவள் நிறுத்தவில்லை.

இருவரும் துறைமுகத்தை நோக்கி நடந்தார்கள். வெயில் பின்னாலிருந்து அடித்தது. மணலில் அவர்களுக்கு முன்னே ஒரே ஒரு நிழல்தான் போய்க்கொண்டிருந்தது. சின்ன நிழல். ஒரு கையை மேலே தூக்கி, அங்கே இல்லாத எதையோ இறுக்கிப் பிடித்தபடி.