மாடிக்கு ஏறிய தொட்டி

தம்பி செத்துக் கிடந்தான்!

கட்டி முடிக்காத அரசுப் பள்ளிக்கூடம். இடிந்த கூரைக்கு அடியிலிருந்து காலை பதினொரு மணிக்குத்தான் அவனை வெளியே எடுத்தார்கள். அந்த வேலைக்கு அவன்தான் சூப்பர்வைசர். காண்ட்ராக்டர், அவனுடைய அக்கா.

அவளை அழக்கூட விடவில்லை. இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார்.

"கூரையே தாங்காம இடியற மாதிரி அது மேல தண்ணித் தொட்டி கட்டச் சொன்னது யாரும்மா?"

"இதோ நிக்கிறாரே, இந்த அரசாங்க இன்ஜினியர்!"

இன்ஜினியர் சட்டையில் ஒரு தூசி இல்லை.

"நானா? வரைபடத்துல தொட்டி தரையிலதான் இருக்கு. மாத்தணும்னா நான் எழுத்துல உத்தரவு தரணும். ஒப்பந்தத்துலயே இருக்கு. எங்க, காட்டச் சொல்லுங்க!"

அவளுக்கு ரத்தம் கொதித்தது.

"படுபாவி! திறப்பு விழாவுக்கு நாள் குறிச்சாச்சு, நீ கட்டும்மா, காகிதம் பின்னாடியே வரும்னு சொன்னது யாரு? என் தம்பி தலைபாடா அடிச்சுக்கிட்டான்... எழுதி வாங்குக்கான்னு! நான்தான் கேக்கல..."

எழுத்தில்லாமல் செய்த மாற்றம் காண்ட்ராக்டர் தலையில்தான் விடியும். சாவு விழுந்தால் ஜெயில்! சொன்னவனுக்கு ஒன்றுமில்லை. என்ன நியாயமய்யா இது?

"எழுத்து இல்லேன்னா கஷ்டம்தாம்மா... ஜீப்புல ஏறுங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

"சார், தொட்டிக்கு கான்கிரீட் போட்டப்ப இவர் பக்கத்துலயே நின்னாரு!"

"பச்சைப் பொய்! அன்னிக்கு நான் இந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்கல!"

அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"அப்ப சோதனைக் கட்டியில கையெழுத்துப் போட்டது உங்க ஆவியா?"

"என்ன கட்டி?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அரசாங்க வேலைன்னா, கான்கிரீட் போடுறப்பல்லாம் அதே கலவையில மூணு கட்டி வார்க்கணும் சார். ஈரம் காயறதுக்குள்ள எந்த இடம், என்ன தேதின்னு எழுதி இன்ஜினியரே ஆணியால கையெழுத்துக் கீறணும். அப்புறம் இருபத்தெட்டு நாள் தண்ணியில ஊறும். அதோ, அந்த டிரம்முல!"

இருபது வருஷப் பழக்கம்! உத்தரவை எழுத மறுத்த கை, ஈரக் கட்டியைக் கண்டதும் தானாகக் கீறிவிட்டது.

இன்ஜினியர் முகம் பேயறைந்த மாதிரி ஆனது.

கான்ஸ்டபிள் டிரம்முக்குள் கைவிட்டு ஒரு கட்டியைத் தூக்கினார். 'மாடித் தொட்டி'... தேதி... வரைபடத்தில் இருந்த அதே கையெழுத்து!

"அது... சும்மா வழக்கத்துல போட்டது சார்..."

"வழக்கை வழக்கத்துல நாங்களும் போடுவோம். ஏறுய்யா ஜீப்புல!"

அவள் கட்டியை வாங்கி, ஜீப்பில் ஏறி உட்கார்ந்த இன்ஜினியர் மடியில் தொப்பென்று வைத்தாள்.

"பத்திரம் சார்! எட்டு கிலோ சாட்சி... கிழிக்கவும் முடியாது, முழுங்கவும் முடியாது!"