பாதரசம் தின்ற வளையல்

சமையல்மேடையில் உளுந்து அளவுக்கு ஒரு துளி கிடந்தது. தண்ணீர் என்று நினைத்து யுவராணி கரித்துணியால் துடைத்தாள். துணி நனையவில்லை. துளி இரண்டாகப் பிரிந்து, சாய்வில்லாத கிரானைட்டின் மேல் அவள் பக்கமாக உருண்டு வந்து விளிம்பில் நின்றது.

பாதரசம். புட்டியைத்தான் திங்கட்கிழமையே பள்ளிக்கூடத்தில் திருப்பி வைத்துவிட்டாளே.

ஆவடியில் ஒரு பள்ளிக்கூடத்தின் வேதியியல் ஆய்வகத்தில் அவள் உதவியாளர். துத்தநாகம், காட்மியம், பாதரசம் மூன்றையும் வாத்தியார் ஜஸ்டின் சார் ஒரே தட்டில் வைக்கச் சொல்வார். மூன்றும் ஒரே குடும்பமாம். முதல் இரண்டும் வைத்த இடத்தில் இருக்கும்; கடைசியாக வந்ததுதான் நிற்காமல் ஓடும், தங்கத்தைக் கண்டால் விடாது, தொட்ட இடத்தை வெளுக்க வைத்து உள்ளே இறங்கிவிடும் என்பார். அதனால் புட்டியைத் தொடுமுன் தங்கத்தையெல்லாம் கழற்றிவிட வேண்டும். யுவராணி கம்மலைக் கழற்றுவாள், மோதிரத்தைக் கழற்றுவாள். தாலியை எந்தப் பொம்பளை கழற்றுவாள்? ரவிக்கைக்குள் போட்டுக்கொள்வாள்.

வெள்ளானூரில் அவள் புகுந்த வீட்டிலும் கடைசியாக வந்தவள்தான் எல்லாரையும் பிடித்துக்கொண்டாள். சிம்ரன், கொழுந்தன் ஜீவாவின் புதுப்பெண்டாட்டி. கையில் ஆறு சவரன் வளையல். மாமியார் முனியம்மா வாய்க்கு வாய் சிம்ரன் என்றாள். அதைக்கூட யுவராணி பொறுத்துக்கொண்டாள். ஆனால் அவள் புருஷன் கோபி, எட்டு வருஷத்தில் அவள் சமையலை ஒரு வார்த்தை மெச்சாதவன், சிம்ரன் வைத்த மீன்குழம்பை விரலைச் சப்பிச் சப்பித் தின்றுவிட்டு, "இத்த மாரி நீ ஒரு நாளாவது வெச்சிகீறியா?" என்று கேட்டான். ஆய்வகத்துப் பாதரசப் புட்டியைக் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

குளிக்கப் போகும்போது சிம்ரன் வளையலைக் கழற்றி அலமாரியில் வைப்பாள். இரண்டு சொட்டு போதுமாயிருந்தது. அவள் தலை துவட்டிக்கொண்டு வருவதற்குள் வளையல் அலுமினியம் போல வெளுத்துவிட்டது.

கவரிங்கைப் போட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று முனியம்மா தெருவே கேட்கக் கத்தினாள். சிம்ரன் அழவில்லை. யுவராணியிடம் வந்து நின்றாள்.

"அக்கா, எங்கப்பா அப்டி செய்ற ஆளு இல்லக்கா. நீ படிச்சவ. நீயே சொல்லேன்."

யுவராணி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. சாயங்காலமே ஜீவா சிம்ரனை ஐயப்பன்தாங்கலில் அவள் அப்பன் வீட்டில் விட்டு வந்தான். அன்றைக்கு யுவராணிக்குச் சோறு ருசித்தது.

இன்று ஐந்தாம் நாள். மத்தியானம், கரண்ட் இல்லை. முனியம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நைட் ஷிப்ட் முடித்து வந்த கோபி உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தான். வெயிலில் மேல்தகரம் விரிந்து டொக் டொக்கென்று சத்தமிட, நின்றுபோன மின்விசிறிக்குக் கீழே காற்றில்லாத புழுக்கத்தில் மீன் கழுவிய வாடை தேங்கியிருக்க, தரையோடுகளின் இடுக்கில் ஏதோ மினுங்குவதை அவள் குனிந்து பார்த்தாள். துளிகள். ஒன்று, நாலு, பத்து. இடுக்கு வழியே வரிசையாக ஊர்ந்தன. பாதரசத்தை ஓடவிடாமல் கட்டிப்போடும், எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டுவந்திருந்த கந்தகப் பொடியை அள்ளித் தூவினாள். துளிகள் பொடியைச் சுற்றிக்கொண்டு வந்தன.

எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தாள்.

உள்ளறையிலிருந்து.

"ஏங்க."

கதவைத் தள்ளினாள். கோபி மல்லாந்து கிடந்தான். தலையணை நனையவில்லை. ஆனால் பளபளத்தது. வாயோரத்தில் ஒரு துளி திரண்டது. கனத்தது. விழுந்தது. அவளை நோக்கி உருண்டது.

அவன் கண் திறந்தான். கருவிழி இல்லை. இரண்டு கண்ணிலும் யுவராணியின் முகம்தான் தெரிந்தது.

"அக்கா," என்றான். சிம்ரனின் குரல். "நீயே சொல்லேன்."

நெஞ்சில் சில்லென்று ஏதோ இறங்கியது. தாலி. புட்டியைத் தொட்ட அன்று கழற்றாத தாலி. கயிற்றைப் பிடித்து ஒரே இழுப்பாக அறுத்தாள்.

கயிறு மட்டும் கையோடு வந்தது. தாலி வரவில்லை. கழுத்துக்குக் கீழே, தோலுக்கு அடியில், வெள்ளையாக, அது இன்னும் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.