முப்பதுக்குக் கீழே

சந்தியாகுவின் நாட்டம் எழுபத்தெட்டில் நின்றது. வேறொரு நாளாக இருந்தால் சந்தோஷப்பட வேண்டிய எண். உதவித்தொகை அலுவலக ஆய்வாளர் ஜெபஷீலா திரையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"முப்பதுக்குக் கீழ இறங்கணும் அண்ணாச்சி. இல்லைன்னா மாத்த முடியாது."

சந்தியாகு கொற்கைப் புதுத்துறையில் பதினேழு வருஷம் கிரேன் ஓட்டியவர். நாற்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கப்பலிலிருந்து பெட்டிகளைத் தூக்கி லாரிமேல் வைப்பது வேலை. துறைமுகத்தை இயக்க நடத்துமூளை என்ற கணினி வந்ததும் கிரேன்கள் தாமாகவே ஓட ஆரம்பித்தன. அறுபத்திரண்டு ஓட்டுநர்கள் ஒரே மாதத்தில் வீட்டுக்கு வந்தார்கள். அரசாங்கம் அவர்களை அப்படியே விட்டுவிடவில்லை. வேலை தேடுகிறவருக்குத் தேடுநர் படி, வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்குப் பேணுநர் படி என்று இரண்டு உதவித்தொகைகள் இருந்தன.

எந்தப் படி யாருக்கு என்பதில் பொய்யும் சிபாரிசும் புகுந்ததால் நாட்டமானி வந்தது. எந்நேரமும் மணிக்கட்டில் கட்டியிருக்கும் பட்டை அது. செய்த வேலையின் காட்சிகளைக் கண்முன் ஓட்டும்போது நரம்பில் எழும் துடிப்பைப் படித்து, ஆசை எவ்வளவு என்று நூறுக்குக் கணக்கிட்டுச் சொல்லிவிடும். அதை ஏமாற்றியவர் எவருமில்லை. எழுபதுக்கு மேல் இருந்தால் தேடுநர். முப்பதுக்குக் கீழ் இருந்தால் பேணுநர். வெளிவேலையில் மனம் வைத்தவர் நோயாளியை அரைமனதாகத்தான் பார்ப்பார் என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்தார்கள். இரண்டுக்கும் நடுவில் கிடப்பவருக்கு எதுவும் கிடையாது.

சந்தியாகுவின் மனைவி பிலோமிக்குப் பக்கவாதம் வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. தேடுநர் படி வாங்குகிறவர் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை தேடுகூடத்தில் உட்கார்ந்து தேட வேண்டும். ஒருநாள் அவர் வீடு திரும்பியபோது பிலோமி கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து கிடந்தாள். காலை பதினொரு மணிக்கு விழுந்தவள். கூப்பிடவில்லையா என்று கேட்டதற்கு, கூப்பிட்டால் யார் வருவார் என்று தெரிந்ததால் பேசாமல் கிடந்ததாகச் சொன்னாள். மறுநாள்தான் அவர் படியை மாற்றித் தரச் சொல்லி ஜெபஷீலாவின் முன்னால் போய் நின்றார்.

எப்படியாவது செய்து கொடு என்று அவர் மன்றாடினார். அவள் இரக்கப்பட்டு இன்னொருமுறை சோதித்தாள். எண்பத்துமூன்று காட்டியது. கெஞ்சுகிற மனசும் முனைப்பான மனசுதான் என்றாள் அவள். வேலைக் காட்சிகள் ஓடும்போது மாற வேண்டும் என்று எவ்வளவு துடிக்கிறாரோ, அவ்வளவுக்கு எண் ஏறும்.

அவர் முதலில் வேலையை வெறுத்துப் பார்த்தார். தன்னை வெளியே தள்ளிய துறைமுகத்தை வாய்விட்டு ஏசினார். பட்டை எண்பத்தெட்டுக்குப் போனது. பிறகு மறக்கப் பார்த்தார். பகலெல்லாம் மறந்திருந்தது தூக்கத்தில் வந்தது. இரும்புப் பெட்டி லாரியின் நான்கு முனைகளிலும் ஒரே நேரத்தில் 'டக்' என்று உட்காரும் சத்தம். அந்தச் சத்தத்துக்காகத்தான் பதினேழு வருஷம் உழைத்தோம் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

கடைசியில் ஒரு வழி அகப்பட்டது. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னால் பொருள் கழன்று வெறும் ஓசையாகிவிடும் அல்லவா? அப்படித்தான் செய்தார். பிலோமியின் பக்கத்தில் உட்கார்ந்தபடி மனதுக்குள் பெட்டியைத் தூக்கினார், வைத்தார். தூக்கினார், வைத்தார். நாளைக்கு ஆயிரம் தடவை. தேடுகூடத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். எண் எழுபதைவிட்டு இறங்கியதும் தேடுநர் படி நின்றது. ஐம்பதில் ஒன்றுமில்லை, நாற்பதில் ஒன்றுமில்லை. நான்கு மாதம் மச்சினன் கொண்டுவந்து போட்ட அரிசியில் ஓடியது. அந்த 'டக்' வெறும் சத்தமாகிப்போன நாளில் பட்டை இருபத்தேழு காட்டியது. இருபத்தொரு நாள் அது ஏறாமல் இருந்ததைப் பார்த்துவிட்டு ஜெபஷீலா பேணுநர் படியை எழுதிக் கொடுத்தாள்.

அவரைப் பார்த்து மற்ற ஓட்டுநர்களும் அந்த வழிக்கு வந்தார்கள். ஒருவருக்குப் படுக்கையில் தாய், ஒருவருக்கு நடக்காத மகள். வேறு சிலர் கிடைக்காத வேலைக்குத் தினமும் எட்டு மணி நேரம் ஆசைப்பட்டு ஓய்ந்து தாமாகவே இறங்கினார்கள். மூன்றாம் வருஷம் கொற்கையில் தேடுநர் ஒருவர்கூட இல்லை. வேலையின்மையை ஒழித்ததாக ஜெபஷீலாவின் அலுவலகத்துக்குக் கேடயம் கிடைத்தது.

அந்த ஐப்பசியில் புயல் கரையைக் கடந்தது. கடல்நீர் புகுந்து நடத்துமூளை செத்தது. கிரேன்கள் நின்ற நிலையில் நின்றன. புதிய மூளை ஒன்று வந்துகொண்டுதான் இருந்தது. வெளியே நங்கூரமிட்டு நின்ற பதினான்கு கப்பல்களில் ஏதோ ஒன்றின் பெட்டிக்குள் இருந்தது. அதை இறக்க கிரேன் வேண்டும்.

கையால் ஓட்டலாம். கூண்டு இருந்தது, கைப்பிடிகள் இருந்தன. ஆனால் கூண்டுக்கு நாட்டப்பூட்டு போட்டிருந்தார்கள். அரைமனதோடு உட்கார்ந்தவன் நாற்பது டன்னை யார் தலையிலாவது போட்டுவிடுவான் என்பதால், எழுபதுக்கு மேல் உள்ளவர் அமர்ந்தால்தான் பூட்டு விடும். பூட்டைக் கழற்றும் அதிகாரம் செத்துப்போன மூளையிடம் இருந்தது.

ஜெபஷீலா வீட்டுக்கே வந்தாள். இரண்டு நாள் தூங்காத முகம்.

"ஒருக்க மேல ஏறி உக்காந்து பாருங்க அண்ணாச்சி. கை பட்டா பழசு வந்தாலும் வரும்."

"வந்துட்டா என் படி போயிருமே தாயி."

"அதுக்கு விலக்கு ஆணை கையிலயே வச்சிருக்கேன். நீங்க ஆசைப்பட்டா மட்டும் போதும்."

பிலோமி போய்விட்டு வரச் சொன்னாள். பக்கத்து வீட்டுப் பெண்ணை உட்காரவைத்துவிட்டு அவர் போனார்.

மின்தூக்கி ஓடவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு படி ஏறினார். கூண்டில் உட்கார்ந்ததும் கைகள் தாமாகவே கைப்பிடிகளுக்குப் போயின. விரல்கள் எதையும் மறந்திருக்கவில்லை. கண்ணாடிக்கு அப்பால் கடல் தெளிந்து கிடந்தது. கப்பல்கள் வரிசையாக நின்றன. பட்டை ஒன்பது காட்டியது.

கீழேயிருந்து ஜெபஷீலா ஒலிபெருக்கியில் பேசினாள். முதன்முதலில் ஏறிய நாளை நினைக்கச் சொன்னாள். ஊர் மருந்துக்கடைகள் காலியாவதைச் சொன்னாள். அவர் உண்மையாகவே முயன்றார். பெட்டி தூக்குவதை நினைத்தார், வைப்பதை நினைத்தார். சத்தம் வந்தது. வெறும் சத்தம். பதினொன்றுவரை ஏறி அங்கேயே நின்றது. அவர் இறங்கி வந்து அடுத்தவருக்கு வழிவிட்டார்.

அறுபத்திரண்டு பேரும் ஏறி இறங்கினார்கள். எவரும் முப்பதைத் தாண்டவில்லை. ஜெபஷீலா கடைசி ஆள் இறங்கும்வரை நின்று பார்த்துவிட்டு, கிரேனின் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து அவர் நடந்ததைச் சொன்னார். பிலோமி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"உங்களுக்கு வருத்தமா இல்லையா?"

அவர் யோசித்துப் பார்த்தார். பொய் சொல்ல வேண்டிய அவசியம் தெரியவில்லை. "இல்ல" என்றார்.

அவளுக்குக் கைப்பயிற்சி கொடுக்கும் நேரம் ஆகியிருந்தது. கட்டிலோரம் உட்கார்ந்து, விழுந்த கையை மடியில் வைத்து, விரல் விரலாக மடக்கி நீட்டினார். பத்து மடக்கு, பத்து நீட்டு. இரண்டு வருஷமாக ஒருநாள்கூடத் தவறியதில்லை. ஒன்று கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை.

"இதைச் செய்ய ஆசை இருக்கா?" என்று பிலோமி கேட்டாள்.

விரல்கள் நின்றன. "உனக்குச் செய்யாம யாருக்குச் செய்வேன்?"

"அதைக் கேக்கல."

"இருக்கு" என்றார்.

அவள் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. மணிக்கட்டுப் பட்டையைத்தான் பார்த்தாள். இந்த ஆசைக்கு அதில் எண் கிடையாது என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.