பச்சை வட்டம்

மூலைக்குத் தள்ளிவிட்ட பழைய கணினி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் விசிறி சளி கட்டிய நெஞ்சைப்போல இழுத்து இழுத்து விட, சூடேறிய தூசியின் கருகல் வாசனை எலப்புள்ளி வானிலை மையத்தின் மூடிய அறையெங்கும் பரவி, நாளைய திறப்புவிழாவுக்குப் பட்டுத்துணி போர்த்திய கல்வெட்டுவரை போயிருந்தது.

ஆனந்தகுமாருக்கு அந்தப் பழைய கணினியைக் கண்டாலே இளப்பம். மலை நிலையங்கள் அனுப்பும் எண்களை அப்படியே கக்கும்; யோசிக்கத் தெரியாது. அவன் எழுதிய புதிய மென்பொருள் யோசிக்கும். நம்ப முடியாத எண் வந்தால் பிழையென்று தள்ளிவிட்டு, ஒழுங்காகப் பேசும் வேறொரு நிலையத்தின், பெரும்பாலும் சமவெளியில் மாந்தோப்புகள் நடுவே இருக்கும் முதலமடையின், எண்ணை அங்கே நிரப்பும். அமைச்சர் பார்க்கும் படத்தில் ஓட்டை தெரியக்கூடாது.

"மலை பூராவும் முதலமடை வெயில் அடிக்குது, சாரே," என்றான் உடன் வேலை பார்க்கும் நௌஃபல். "மாங்கா லாரியில ஏத்தி அனுப்பிச்சீங்களா?"

"அங்கிருக்கற மழைமானி அத்தனையும் குப்பை. இத்தனை மழை எங்கயாச்சும் பெய்யுமா?"

நௌஃபல் சிரித்தபடி டீ குடிக்கப் போனான்.

கைபேசி அடித்தது. மௌனிகா. மலைமேல் உடும்பஞ்சோலை நிலையத்தைப் பார்த்துக்கொள்பவள், அவன் மனைவி. மழை, காற்று, வெப்பம் அளக்கும் மானிக்கம்பம் அவள் வீட்டு வாசலிலேயே நின்றது.

"ஏனுங்க, மானி நெறஞ்சு வழியுதுங்க. ஊட்டுக்குப் பொறத்தால சுவத்துல சேறு ஊறுது. எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போறாங்க. நானும் கெளம்பட்டுங்களா?"

"படத்துல உங்க ஊரு வட்டம் பச்சை, ஆபத்து இல்ல. மானி பாக்கறவளே பயந்து ஓடுனா நாளைக்கு என்னையப் பாத்து ஊரு சிரிக்கும். பேசாம இரு."

"சரிங்க."

மேசையில் அவன் டீ ஆறியது. மூடிய அறையில் எங்கிருந்தோ பச்சை மண்ணின் வாடை. அவன் பழைய திரையை எட்டிப் பார்த்தான்.

உடும்பஞ்சோலை. மழை, பூச்சியம். ஒரே நொடியில் நின்றிருந்தது.

காற்று, வடக்கு. தெற்கு. வடக்கு. தெற்கு.

காற்று அப்படி அடிக்காது. போன வழியே உடனே திரும்பாது. கருவி கெட்டுவிட்டது என்று உதட்டைச் சுழித்தான். மௌனிகாவை அழைத்தான். மணி அடிக்கவில்லை. மறுபடி அழைத்தான்.

வெப்பம் ஏறியது. முப்பத்தேழு. அங்கேயே நின்றது. அந்த மலையில் அந்தச் சூடு கிடையாது. உடம்பில் உண்டு.

வடக்கு. தெற்கு. விசிறியும் அதே தாளத்தில். இழுத்து. விட்டு.

"மௌனி."

வடக்கு. நெடுநேரம் கழித்து, தெற்கு.

வடக்கு.

அவ்வளவுதான். விசிறி நின்றது. வெப்பம் இறங்கத் தொடங்கியது. முப்பது. இருபத்தைந்து. பதினெட்டு. மேலே மூடிய சேற்றின் குளிர்.

பின்னால் புதிய கணினி மெல்ல ஒலித்தது. மழை இல்லை, காற்று இல்லை, பதினெட்டு டிகிரி. நம்பக்கூடிய எண்கள். உடும்பஞ்சோலையின் சொந்த அளவை அது அன்று முதன்முறையாக ஏற்றுக்கொண்டது.

படத்தில் உடும்பஞ்சோலையின் பச்சை வட்டம் அழகாக நின்றது.

பிறகு விரிந்தது. சுருங்கியது. விரிந்தது.

பக்கத்து ஊரின் வட்டமும்.