கயிறு சுற்றிய கட்டை

பிறாண்டும் சத்தம் கேட்டது. பூனையோ முகைதீன்பாவாவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

குழித்தறியில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டபடி, நெய்வதை நிறுத்திக் காதுகொடுத்தார். பள்ளியில் நண்பகல் லுஹர் தொழுது வந்த நேரம். எலியாயிருக்கும். பூனை வளர்க்கிற வீட்டில் எலி என்பது வளர்த்தவருக்குப் பெருமையான செய்தியல்ல.

ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்தில் நெல்மூட்டையை விட்டுவிட்டு அவர் தலையில் சுமந்து கரைசேர்த்த பூனை அது. உச்சந்தலையில் மட்டும் கறுப்பு, பெயர் தொப்பி. நன்றிக்கடனாகத் தறியில் ஏறி, பெருநாளுக்கு நெய்ய வேண்டிய சாறன் துணிக்கு நீட்டியிருந்த நூல்பாவைக் கிழித்தது. “இன்னொருக்கா நூலுல நகம் பட்டா, சாக்குல கட்டி மாவடிப்பள்ளி வயலுக்க விட்டுப்போட்டு வாங்க” என்றாள் மனைவி ஜுனைதா. அவள் சொன்னால் தீர்ப்பு. அவர் சொன்னால் அபிப்பிராயம்.

அடித்தால் பூனை ஒளியும், திருந்தாது. பிறாண்ட வேறொன்று கொடுக்க வேண்டும். சாக்கு விரித்தார், வழுக்கியது. முருங்கைக் கொம்பு சாய்ந்து அதன் முதுகிலேயே விழுந்தது. எழுந்து நின்று உடம்பை முறிக்க, அசையாத உயரக் கட்டை வேண்டும். அதே வெள்ளம் கடற்கரையில் ஒதுக்கிய மரங்களில் ஒன்று கிடைத்தது. இடுப்பளவு, மேல்முனை உருட்டிச் செதுக்கியது. இறந்தவரைப் புதைத்த கபுறின் தலைமாட்டில் நடுகிற மீசான் கட்டை என்று கண்டதும் தெரிந்தது. தோணிக் கட்டை என்று தன்னையே நம்பவைத்து, முனையை அறுத்தார். அடிவரை தும்புக்கயிறு சுற்றி, பூனை தூங்கியெழும் தறிக்குழி ஓரத்தில் ஆழமாக நட்டார். தொப்பி அன்றே பழகிவிட்டது. ஒரு கிழமையாகப் பாவில் கீறலில்லை.

மணம்தான் மூன்று நாளாக இருந்தது. பாவுக்குப் போட்ட கஞ்சி புளித்ததென்று நினைத்தார். இன்று அது கஞ்சியல்ல. வெள்ளத்தில் செத்து, வெயிலில் வீங்கி, மறுபடி நனைந்த ஏதோவொன்றின் தித்திப்பான அழுகல், அடிநாக்கில் எண்ணெயாகப் படிந்தது.

“இஞ்ச, பூன பாவப் பிறாண்டுதா?” குசினியிலிருந்து ஜுனைதா.

“இல்ல புள்ள. மடியில கிடக்கு.”

“அப்ப ஆரு பிறாண்டுற?”

“நான்தான்.”

“ஓம், வயசு போகப் போக நகமும் வளருதாக்கும்.”

சத்தம் கீழிருந்து வந்தது. கட்டையின் அடியிலிருந்து குழிச்சுவர் வழியாக, அவருடைய கெண்டைக்காலை நோக்கி. ஈரமண் பாதத்தில் உதிர்ந்தது.

மீசான் கட்டையை வெறும் நிலத்தில் யாரும் நடுவதில்லை. அதன் கீழே ஆள் இருக்க வேண்டும்.

சுவர் வீங்கியது. வெடித்தது.

ஒரு நகம். பிறகு நான்கு. நகங்களுக்கடியில் தும்புநார். விரல்களில் தோல், ஊறிய காகிதம்போல் கழன்று தொங்கியது.

எழ முடியவில்லை. கால்கள் மரத்துவிட்டன.

தொப்பி விழித்தது. சோம்பல் முறித்தது. குழிக்குள் குதித்தது.

“தொப்பி. வா மகள். மேல வா.”

அது விரல்களை முகர்ந்தது. கன்னத்தை உரசியது. நக்கத் தொடங்கியது. சொரசொரப்பான நாக்கோடு தோல் வந்தது, அதையும் விழுங்கியது. விரல்கள் மெல்ல மடிந்து, தாடைக்கடியில் அது விரும்பும் இடத்தைக் கண்டுபிடித்துச் சொறிந்தன.

பூனையைத் தூக்க இரு கைகளையும் குழிக்குள் நீட்டினார். வால்தான் அகப்பட்டது. அழுகலின் வழுவழுப்பில் அதுவும் நழுவி, விரல்களோடு சுவருக்குள் போனது.

சுவரில் ஓட்டை மட்டும். உள்ளே, மண்ணுக்குள் வெகு ஆழத்தில், குர்ர், குர்ர் என்று சுகமாகக் கேட்டுக்கொண்டேயிருந்தது.